‘வில்’ எங்கே போய் ஒட்டுகிறது?

‘யாரோடு போவாய்?’ தமிழில் இரண்டே சொல். அதையே ஆங்கிலத்தில் கேட்டால் ‘வித் ஹூம் வில் யூ கோ?’ என்று ஐந்து சொல் ஆகிவிடுகிறது. தமிழ் எதையாவது விட்டுவிட்டதா? இல்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் சொன்ன பகுபத உறுப்புகளை நினைவில் வைத்துக்கொண்டு பிரித்துப் பாருங்கள். யார் + ஓடு. போ + வ் + ஆய். இங்கேயும் ஐந்து துண்டுதான். ‘ஓடு’ என்ற வேற்றுமை உருபுதான் அவர்களுடைய ‘வித்’. ‘யார்’ என்பது ‘ஹூம்’. எதிர்காலம் காட்டும் இடைநிலையான ‘வ்’ அங்கே ‘வில்’. ‘ஆய்’ என்ற விகுதி ‘யூ’. பகுதியான ‘போ’ அங்கே ‘கோ’.

துண்டுகள் ஒன்றுதான், அடுக்கும் முறைதான் வேறு. தமிழ் உருபைப் பெயருக்குப் பின்னால் ஒட்டும், காலத்தையும் ஆளையும் வினைக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலம் எல்லாவற்றையும் முன்னால் வரிசையாக நிறுத்தும்.

எழுத்தில் அப்படித்தான் தனித்தனியாக நிற்கும். பேச்சில் ஆங்கிலமும் ஒட்டிக்கொள்ளும். அதிலும் ‘வில்’ என்ற சொல் (அம்பு விடும் வில் இல்லை) பேச்சில் தேய்ந்து தேய்ந்து ஒரு ‘ல்’ மட்டுமே மிஞ்சுகிறது. அந்த ‘ல்’ தனக்குப் பின்னால் வரும் வினையோடு சேராமல் முன்னால் இருக்கும் சுட்டுப்பெயரோடு போய் ஒட்டுகிறது. ‘ஐ வில்’ ‘ஐல்’ ஆகிறது. ‘ஹீ வில்’ ‘ஹீல்’ ஆகிக் குதிகாலைப் போல் ஒலிக்கிறது. ‘வீ வில்’ ‘வீல்’ ஆகிச் சக்கரமாகக் கேட்கிறது.

நம் காது எப்படிப் பழகியிருக்கிறது? வந்தானா, வருகிறானா, வருவானா என்பதை வினையின் கடைசியில்தான் தேடுகிறோம். சின்ன வயதிலிருந்தே அந்தப் பழக்கம். ஆங்கிலத்திலும் வினை வரட்டும் என்று காத்திருக்கிறோம். அதற்குள் அந்த ‘ல்’ கடந்து போய்விடுகிறது. ‘தேல் வொர்க்’ என்றால் வேலை செய்வார்கள். ‘தே வொர்க்’ என்றால் வழக்கமாகச் செய்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு மெய்யெழுத்து. போதாததற்கு நாமே ‘நாளைக்கு வர்றேன்’ என்று நிகழ்காலத்தில் எதிர்காலத்தைச் சொல்பவர்கள். அதனால் ‘ல்’ காதில் விழாவிட்டாலும் நமக்கு எதுவும் உறுத்துவதில்லை.

வார இறுதியில் சி ரூசா பக்கத்துத் தோட்டக் குடியிருப்பில், நான்காம் ஐந்தாம் படிவம் படிக்கும் சில பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆங்கிலப் பயிற்சி செய்கிறேன். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலாய், பள்ளியில் மூன்றும் என்று வளர்பவர்கள். 2021 முதல் எஸ்.பி.எம். ஆங்கிலப் பாடத்தில் கேட்டல் ஒரு தனித்தாள். பிறகு முயெட்டிலும் கேட்டல் உண்டு. கட்டுரையில் நன்றாக எழுதும் பிள்ளைகூட ஒலிப்பதிவைப் போட்டதும் தடுமாறுகிறது. அவர்களுக்கு இதை விளக்க ஊர்ப்பெயரே போதுமாக இருந்தது. எழுதும்போது ‘சி ரூசா’ இரண்டு சொல். (ரூசா என்றால் மலாயில் மான்.) பேருந்தில் ஏறி யாராவது இரண்டு சொல்லாகவா சொல்கிறோம்? ‘சிரூசா’ என்று ஒரே மூச்சில்தான்.

சுட்டுப்பெயரோடு ஒட்டினால்கூடப் பழகிக்கொள்ளலாம். முன்னிடைச்சொல் நடுவில் புகுந்தால்தான் உண்மையான சிக்கல். ‘த பாய் பிசைட் ஹர்ல் சிங்’ என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தோம். பாடப்போவது யார்? அவள் என்றார்கள் எல்லாரும். இல்லை, அவள் பக்கத்தில் இருக்கும் பையன். ‘பிசைட்’ என்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால் வந்ததால்தான் அங்கே ‘ஷீ’ இல்லாமல் ‘ஹர்’ இருக்கிறது. ‘ஹர்’ எழுவாய் ஆகவே முடியாது. ‘ல்’ அதன்மேல் ஒட்டியிருந்தாலும் அது சேரும் இடம் முழுத் தொடரும்தான், அதாவது அவள் பக்கத்துப் பையன்.

இன்னும் வேடிக்கை, ‘ல்’ நேராக முன்னிடைச்சொல்லின் மேலேயே ஏறிக்கொள்வது. ‘த மேன் ஐ ஸ்போக் டூல் கால் யூ.’ நான் பேசிய அந்த ஆள் உங்களை அழைப்பார் என்று பொருள். கேட்பவருக்கோ ஏதோ ஒரு கருவி, ஸ்பேனர் மாதிரி, நடுவில் வந்து விழுகிறது. இப்படி எழுதினால் ஆசிரியர் சிவப்பு மை போடுவார், அது நியாயம். பேச்சில் மட்டும் இதைக் கேட்கத் தெரிய வேண்டும்.

மதிப்பெண் ஒரு பக்கம் இருக்கட்டும். எஸ்.பி.எம். முடித்த ஒரு பெண், கடற்கரை ஓரத் தங்கும் விடுதி ஒன்றில் பகுதி நேர வேலைக்கு மனு செய்திருந்தார். தொலைபேசியில் ‘வீல் கால் யூ பை ஃப்ரைடே’ என்றார்கள். வெள்ளிக்கிழமை அழைப்பார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அழைப்பு புதன்கிழமை வந்தது, கைப்பேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது. வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. ‘ஆன் ஃப்ரைடே’ என்றால் வெள்ளியன்று. ‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்குள். தமிழில் ‘க்குள்’ என்று அழுத்தமாக விழுவதை ஆங்கிலம் ஒரு மெல்லிய ‘பை’யில் அடக்கிவிடுகிறது. ‘ஐல் கம் இன் டூ அவர்ஸ்’ என்பதும் இதே கதைதான். இரண்டு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இரண்டு மணி நேரம் கழித்து என்பதுதான் சொன்னவர் மனதில் இருப்பது.

மூன்று மொழி தெரிந்த நமக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. ‘வில்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘விரும்பு’ என்று பொருள். விருப்பம் மெல்ல மெல்ல எதிர்காலமாகிவிட்டது. மலாயிலும் ‘விரும்பு’ எனப் பொருள்படும் ‘ஹென்டாக்’ தேய்ந்து ‘நாக்’ ஆகி, ‘சாயா நாக் பெர்கி’ என்று போகப்போவதைச் சொல்கிறது. தமிழில் ‘போகவேண்டும்’ பேச்சில் ‘போகணும்’ ஆகவில்லையா? அன்றாடம் அதிகம் புழங்கும் சொல்தான் முதலில் தேயும். மலாயின் ‘அக்கான்’ இன்னும் சுவையானது. ‘சாயா அக்கான் பெர்கி’ என்னும்போது அது எதிர்காலம். ‘ரிண்டு அக்கான் இபு’, அம்மாவை நினைத்து ஏங்குகிறேன் என்னும்போது அதே சொல் முன்னிடைச்சொல். ஆனாலும் எதிர்காலம் காட்டும்போது மலாய் அதைத் தேய்த்து எதன்மேலும் ஒட்டுவதில்லை, முழுசாகக் காதில் விழுகிறது. அதனால்தானோ என்னவோ, மலாய் ஒலிப்பதிவைக் கேட்கும்போது பிள்ளைகளுக்கு இந்தத் திண்டாட்டம் இல்லை.

‘ல்’ என்று சுருக்கிப் பேசக் கற்றுக்கொண்ட பிறகு பிள்ளைகள் எல்லா இடத்திலும் சுருக்கத் தொடங்கினார்கள். ‘வில் யூ கம்?’ என்று கேட்டால் ‘யெஸ், ஐல்’ என்றான் ஒருவன். அது மட்டும் ஆகாது. பின்னால் வினை வராமல் வாக்கியம் அங்கேயே முடிகிறது என்றால் ‘யெஸ், ஐ வில்’ என்று முழுதாகவே சொல்ல வேண்டும். தேய்ந்த ஒலிக்குப் பின்னால் சாய்ந்துகொள்ள ஒரு சொல் வேண்டும். மறுத்துச் சொல்லும் ‘வோண்ட்’ மட்டும் கடைசியிலும் தைரியமாக நிற்கும். ‘நோ, ஐ வோண்ட்.’ அதில் ‘ஓ’ எப்படி வந்தது என்று கேட்டார்கள். ‘வில்’ ஒரு காலத்தில் ‘வோல்’ என்றும் வழங்கியது, அந்த ஒலி இங்கே மட்டும் தங்கிவிட்டது.

தமிழில் ‘வருவாயா?’ என்று கேட்டால் ‘வருவேன்’ என்று வினையையே திரும்பச் சொல்கிறோம். அந்த ‘வ்’வை மட்டும் தனியே எடுத்துப் பதிலாகச் சொல்ல நமக்கு வழி இல்லை.