கடற்காற்றில் நமக்கும் பங்கு

மின்சக்தி சர்க்காரின் காரியம், நமக்கு விளக்கு எரிந்தால் போதும் என்றிருப்பது கூட்டுறவு அங்கத்தினர்க்கு அழகன்று. தமிழகத்தில் 2023 முதல் இரு மாதங்களுக்கொரு முறை கைத்தறிக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் இலவசம். விவசாயப் பம்புசெட்டுக்கும் கட்டணமில்லை. ஆயினும் அதன் விலையைப் பொதுக் கஜானா கொடுக்கிறது. ஆதலின், மின்சாரம் எங்ஙனம் பிறக்கிறது என்பது நம் விஷயமே.

தூத்துக்குடி அனல் மின் நிலையம் 1979-இல் நிலக்கரியைக் கொண்டு உற்பத்தியைத் தொடங்கிற்று. 1986-இல் அருகேயுள்ள முள்ளக்காட்டில் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. நாட்டின் முதற் காற்றுப் பண்ணைகளுள் அது ஒன்று. இப்பொழுது கடலின் முறை வந்திருக்கிறது. குஜராத், தமிழகக் கடல்களில் தலா 500 மெகாவாட் காற்றாலைகள் நிறுவுவதற்கென, ரூ. 7,453 கோடி உதவித் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் இசைவளித்தது.

புகையற்ற மின்சாரம் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. பருவம் தவறினால் முதலில் வாடுபவர் விவசாயியும் மீனவருமே. ஆயின், பெரியதாழை போன்ற கரையூர்களுக்குக் கடலே வயல். கடலில் தூண்கள் நின்றால் வலை விரிப்பது எங்கே? மின்கம்பி செல்லும் வழியில் நங்கூரம் பாய்ச்சலாமா? அது கரையேறும் இடத்தில் யாருடைய நிலம் போகும்? இவற்றிற்கு விடை கூறாமல் தூண் நாட்டுவது முறையாகாது. நன்மை நாட்டுக்கு, சுமை மட்டும் கரைக்கு என்பது நீதியன்று.

வேறு வழியும் உண்டு. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகருக்கு எதிரே மிடல்குருண்டன் கடற்பகுதியில் 2001 முதல் இயங்கும் 20 காற்றாலைகளுள் 10, எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர் கொண்ட கூட்டுறவு சங்கத்தின் உடைமையாக நிறுவப்பெற்றவை. அது செல்வ நாடு எனலாம். குஜராத்தின் டுண்டி கிராமத்திலோ, 2016-இல் ஆறு விவசாயிகளே ஒரு சங்கம் கண்டனர். சூரிய சக்தியால் பம்பை ஓட்டி, பாசனத்திற்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின் கம்பெனிக்கு விற்றனர். மின்சாரம் காசாகும்போது, நீரை வீணே இறைக்க மனம் வருமா?

ஆகவே நாம் கேட்கவேண்டியவை மூன்று: வேலை தொடங்குமுன் கரையூராரின் கருத்து, வருமானத்தில் ஊருக்கு ஒரு பங்கு, ஆண்டுதோறும் அனைவரும் பார்க்கத்தக்க கணக்கு. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது நம் சங்கங்களில் பழகிய நெறி. அதனை மின்சக்திக்கும் கோருவது புதுமையன்று. அடுத்த பொதுக்குழுவில் இதனை விவாதியுங்கள். காற்று எல்லோருக்கும் பொது; அதன் பயனும் பொதுவாகட்டும்.