சுழலாத பந்து ஏன் தடுமாறுகிறது?

2016 பிப்ரவரி 16. பினாங்கு சிட்டி ஸ்டேடியத்தில் பினாங்கும் பகாங்கும் கால்பந்தில் மோதின. ஏறக்குறைய 35 மீட்டர் தொலைவிலிருந்து பினாங்குக்கு ஒரு ஃப்ரீ கிக். முகமட் ஃபைஸ் சுப்ரி ஓடிவந்து உதைத்தார். ஒரு பக்கமாகக் கிளம்பிய பந்து நடுவானில் சட்டென்று மறுபக்கம் திரும்பி வலைக்குள் புகுந்தது. ஆண்டின் மிக அழகான கோலுக்கான ஃபிஃபா புஷ்காஷ் விருது அதற்குக் கிடைத்தது. 2017 ஜனவரியில் சூரிச் மேடையேறிய ஃபைஸ், எழுதிவைத்த உரையைக் கைப்பேசியில் தேடித் திணறினார். பந்தை ஆட்டிவைத்தவரையே கைப்பேசி ஆட்டிவைத்துவிட்டது!

இந்த உதைக்கு நக்கிள்பால் என்று பெயர். இதில் பந்தைத் திருப்புவது கால் அல்ல, காற்றுதான்.

பந்தின் ஓரத்தில் உதைத்தால் அது சுழலும். சுழலும் பந்து தன் பின்னால் வரும் காற்றை ஒரே பக்கமாகத் தள்ளும். தான் எதிர்ப்பக்கம் வளையும். இது மேக்னஸ் விளைவு. வளைவு ஒரே சீராக இருப்பதால் கோல் காவலர் ஓரளவு ஊகித்துவிடலாம்.

நடுவில் உதைத்தாலோ பந்து அவ்வளவாகச் சுழலாது. அப்போது பின்னால் உண்டாகும் காற்றுச் சுழிகள் ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமுமாகக் கழன்றுபோகும். பந்தும் அதற்கேற்ப அங்குமிங்கும் தள்ளப்படும். எந்தப் பக்கம் என்பது உதைத்தவருக்கே தெரியாது! கோலுக்கு அருகிலிருந்து உதைத்தால் இந்த ஆட்டம் தெரியாது. பந்து விலகிப்போகத் தூரம் வேண்டும்.

செய்து பார்க்கலாமா? பந்தின் சுற்றளவு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். எனவே அதன் மையம் தரையிலிருந்து 11 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். கணுக்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு, பெருவிரலுக்கு மேலே உள்ள கெட்டியான எலும்பால் அந்த மையத்தை அடியுங்கள். பந்தில் பட்டதும் காலை வீசிக்கொண்டே போகாமல் நிறுத்துங்கள். விரல் நுனியால் அடிக்காதீர்கள், நகம் பெயர்ந்துவிடும்.

ஈப்போ பாடாங்கோ, பழைய தோட்டத்துத் திடலோ, எங்கே ஆடினாலும் பந்துக்குள்ளே இருப்பதை நினைத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். காற்றடைக்கும் உள்பை பல பந்துகளில் இன்றும் பால்மரத்துப் பாலிலிருந்துதான் செய்யப்படுகிறது. நம் தாத்தா பாட்டிகள் விடியுமுன் வெட்டிய அதே பால்.

என்னைக் கேட்டால், முதலில் வளையும் உதையைப் பழகுங்கள். அது சொன்ன பேச்சு கேட்கும். பிறகு பந்தில் மார்க்கர் பேனாவால் தடித்த கோடு ஒன்று போட்டு நக்கிள்பால் அடியுங்கள். நண்பர் ஒருவர் கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுக்கட்டும். பந்து பறக்கும்போது கோடு சுழலாமல் தெரிந்தால், உங்கள் உதை சரி.