உங்களுக்குத் தெரியுமா? தடையைப் பாட்டால் வென்ற நாகரத்தினம்மா

● 18ஆம் நூற்றாண்டில், தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மரின் அவையை அலங்கரித்தவர் பெண் கவிஞர் முத்துப்பழனி. ராதையின் ஊடலையும் காதலையும் ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற தெலுங்குக் காவியமாகப் பாடினார். பெண்ணின் ஆசையைப் பெண்ணே ஒளிவுமறைவின்றி எழுதிய நூல் இது.

● அடுத்த நூற்றாண்டில் வெளியான பதிப்பில் பல பகுதிகள் வெட்டப்பட்டிருந்தன. மூலத்தைத் தேடிப்பிடித்து, 1910இல் முழுமையாகப் பதிப்பித்தவர் இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மா.

● காவியம் ஆபாசமானது என்று சாடினார் தெலுங்கு அறிஞர் வீரேசலிங்கம். ஆண் புலவர்கள் பாடிய சிருங்காரம் மட்டும் கண்ணை உறுத்தவில்லையா என்ற தொனியில் பதிலடி கொடுத்தார் நாகரத்தினம்மா. ஆங்கிலேய அரசோ நூலுக்குத் தடை போட்டது. டங்குதூரி பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோதுதான் தடை நீங்கியது.

● கர்நாடக இசை மேதை தியாகராஜரின் சமாதி திருவையாற்றில் சிதிலமடைந்து கிடந்ததைப் பார்த்து மனம் பொறுக்காத நாகரத்தினம்மா, அங்கே இடம் வாங்கி, தன் சேமிப்பைக் கொட்டிச் சன்னதி எழுப்பினார். 1925இல் குடமுழுக்கு நடந்தது.

● ஆனால், அங்கே தியாகராஜருக்கு நடந்த ஆராதனையில் பெண்கள் பாட அனுமதி இல்லை! உடனே பெண்களைத் திரட்டித் தனி ஆராதனையே நடத்திக் காட்டினார். 1940களின் தொடக்கத்தில், தனித்தனியாக ஆராதனை நடத்திய எல்லா அணிகளும் ஒன்றாயின. பெண்களுக்கும் மேடை கிடைத்தது.

● 1952இல் மறைந்த நாகரத்தினம்மாவின் நினைவிடமும் திருவையாற்றில்தான் இருக்கிறது. ஆராதனைக்குப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள்!