கடலற்ற நகரில் இறால் புளிக்குழம்பும் மாம்பழமும்

ஐதராபாத்துக்குக் கடல் இல்லை. அருகிலுள்ள கடற்கரைக்குக்கூட முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும். ஆயினும் நாட்டின் மீன்வள வளர்ச்சிக்கென 2006-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம் இந்நகரில்தான் இயங்குகிறது. அதன் கட்டடமே ஒரு பெரிய மீனின் உருவில் எழுப்பப்பட்டுள்ளது. நகரவாசிகளின் மீன் விருப்பமும் அதற்கு இளைத்ததன்று. ஜூன் முதல் வாரத்தின் இறுதியில் மிருகசீரிஷ கார்த்தி பிறக்கும் நாளன்று மீன் உண்பது இங்கு நெடுங்கால வழக்கம். அன்று ராம்நகர், முஷீராபாத் மீன் சந்தைகளில் கால் வைக்க இடமிராது.

அந்த நாளில் ஒரு சிக்கல் உண்டு. மீன்களின் இனப்பெருக்கத்தைக் காக்கும் பொருட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மேற்குக் கடற்கரையில் இத்தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நீடிக்கிறது. ஆகவே, ஐதராபாத் மக்கள் மிகுதியாக மீன் தேடும் அந்த வாரத்தில் இரு கடற்கரைகளிலும் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. சந்தைக்கு வரும் கடல் மீன் குறைகிறது, விலை ஏறுகிறது, பழைய சரக்கும் புதிய சரக்கோடு கலக்க வாய்ப்பு ஏற்படுகிறது.

இந்த நிலையில் நாம் பரிந்துரைப்பது இறால். படகுத் தடை பண்ணைக் குளங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. சுமார் 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பீமாவரம் பகுதியின் உவர்நீர்க் குளங்களிலிருந்து பனிக்கட்டியிட்ட பெட்டிகளில் ஏற்றப்படும் இறால் ஒரே இரவில் ஐதராபாத்தை அடைந்துவிடும். அதே நாள்களில் பங்கனப்பள்ளி மாம்பழமும் சந்தையில் நிறைந்திருக்கும். இவ்விரண்டையும் ஒரே இலையில் சேர்ப்பதே நமது எண்ணம்.

குளத்துக்குப் பின்னுள்ள கதை

நாம் இன்று வாங்கும் பண்ணை இறாலில் பெரும்பகுதி வனாமி என்னும் இனம். இதன் தாயகம் மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கடற்கரை. அதற்கு முன் நம் பண்ணையாளர்கள் வரி இறாலை வளர்த்து வந்தனர். 1990-களின் நடுவில் பரவிய வெண்புள்ளி நோய் அந்தப் பண்ணைகளைப் பெரிதும் சீரழித்தது. 2009-ஆம் ஆண்டில் வனாமி வளர்ப்புக்கு அனுமதி கிடைத்தபின் இத்தொழில் மீண்டும் தழைத்தது. நாட்டின் இறால் உற்பத்தியில் பெரும்பங்கு இன்று ஆந்திரப் பிரதேசத்துடையது.

எனினும் அந்த இறாலில் மிகுதியானது நம் சமையலறைகளுக்கு வருவதில்லை. 2023-24 நிதியாண்டில் இந்தியா சுமார் 7.16 லட்சம் டன் உறைய வைத்த இறாலை ஏற்றுமதி செய்தது. அதில் ஐந்தில் இரு பங்குக்கு மேல் அமெரிக்கா ஒன்றே வாங்கியது. 2025 ஆகஸ்ட் மாதத்தில் அந்நாடு இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது, ஒரே வாடிக்கையாளரைப் பெரிதும் நம்பியிருப்பதன் ஆபத்து கோதாவரிக் கரையின் குளங்கள் வரை உணரப்பட்டது.

இறால் வளர்ப்பு பெருமுதல் கேட்கும் தொழில். செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. மூன்று, நான்கு மாதங்கள் இரவு பகலாகக் காத்த குளம் நோய் வந்தால் சில நாள்களில் வெறுமையாகிவிடும். மீன் வளர்ப்போருக்கும் கிசான் கடன் அட்டை வழங்கலாம் என 2018-19 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டமைக்கு இத்தகைய நடைமுறை மூலதனத் தேவையே காரணம். கடன் உதவி குளத்தை நிரப்பும். விளைந்ததை வாங்குவோர் உள்நாட்டிலும் இருந்தால்தான் அக்கடன் எளிதாகத் திரும்பும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

இறால் வியாபாரத்தில் ‘கவுண்ட்’ என்னும் சொல் அடிக்கடி அடிபடும். ஒரு கிலோவில் எத்தனை இறால் நிற்கும் என்பதே அதன் பொருள். 30 கவுண்ட் என்றால் பெரியவை. 100 கவுண்ட் என்றால் சிறியவை. எண் கூடக் கூட விலை குறையும். குழம்புக்கு 40 முதல் 60 வரையிலான கவுண்ட் போதும். மிகப் பெரிய இறாலுக்குக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

தலையும் ஓடும் நீக்கினால் முழு இறாலின் எடையில் ஏறத்தாழ பாதியே எஞ்சும். எடுத்துக்காட்டாக, முழு இறால் கிலோ 400 ரூபாய் எனில், உண்ணும் சதையின் அடக்க விலை சுமார் 800 ரூபாய். உரித்த இறாலின் விலையோடு ஒப்பிடும்போது இக்கணக்கை மனத்தில் கொள்வது நன்று. உறைய வைத்த பொட்டலம் வாங்கினால், மேலே படிந்துள்ள பனிப்படலத்தின் எடையைச் சேர்க்காத நிகர எடை எவ்வளவு என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

புதிய இறாலின் ஓடு பளபளப்பாக இருக்கும். தலை உடலோடு இறுகப் பற்றியிருக்கும். கடல் நீரின் மெல்லிய மணமே வீசும். தலை தொங்கினாலோ, ஓட்டில் கருமை படர்ந்திருந்தாலோ, அம்மோனியா நெடி அடித்தாலோ வாங்காமல் திரும்பிவிடலாம். வீடு சேரும்வரை பனிக்கட்டியோடு வைத்திருப்பது அவசியம். ஐதராபாத் கோடையில் ஒரு மணி நேரத் தாமதம்கூடச் சரக்கைக் கெடுத்துவிடும்.

மாம்பழத்திலும் எச்சரிக்கை தேவை. கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்க வைப்பதைச் சட்டம் தடை செய்துள்ளது. எத்திலீன் வாயுவை வரையறுத்த அளவில் பயன்படுத்த அனுமதி உண்டு. நிறத்தை மட்டும் நம்பாமல் காம்பருகே முகர்ந்து பார்ப்பது நல்லது. மணமில்லாத மஞ்சள் பழம் உள்ளே புளிப்பாகவே இருக்கும். உள்ளூர்க் கடைகளில் ‘பேனிஷான்’ என்று கேட்டாலும் பங்கனப்பள்ளியே கிடைக்கும். 2017-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது.

குழம்பு: நால்வருக்கு

தேவையானவை: முழு இறால் 1 கிலோ, பெரிய வெங்காயம் 2, தக்காளி 2, சிறிய எலுமிச்சை அளவு புளி, இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மல்லித்தூள் 2 தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, கறிவேப்பிலை 2 கொத்து, நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு தேவையான அளவு. குண்டூர் மிளகாய்த்தூள் எனில் ஒன்றரைத் தேக்கரண்டியே போதும்.

இறாலின் ஓட்டை நீக்கி, முதுகைக் கீறிக் கருங்குடலை எடுத்துவிட்டுக் கழுவவும். பாதி மஞ்சள்தூளும் சிறிது உப்பும் பிசறிப் பத்து நிமிடம் வைக்கவும். பின்னர் வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் வதக்கினால் நீர் விடும். அந்த நீரோடு இறாலைத் தனியே எடுத்து வைக்கவும். ஆந்திர வீடுகளில் கையாளப்படும் முறை இது. குழம்பின் சுவை பெரிதும் அந்த நீரில்தான் இருக்கிறது.

எண்ணெய் காய்ந்ததும் வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும். இஞ்சி பூண்டு விழுதின் பச்சை வாசனை போனபின் தக்காளியைச் சேர்த்துக் குழைய விடவும். தூள்களைப் போட்டு ஒரு நிமிடம் புரட்டி, ஒன்றரைக் குவளை புளிக்கரைசலை ஊற்றி உப்பிடவும். எண்ணெய் மேலே பிரியும்வரை பத்து, பன்னிரண்டு நிமிடம் கொதிக்கட்டும். அதன் பிறகே இறாலை அதன் நீரோடு சேர்த்து நான்கைந்து நிமிடம் வேகவிட வேண்டும். சதை முழுதும் வெண்மையாகிப் பிறைபோல் வளைந்தால் பதம். வளையமாக இறுகச் சுருண்டுவிட்டால் மிகுதியாக வெந்து ரப்பர்போல் ஆகிவிடும். இறக்கி இருபது நிமிடம் கழித்துப் பரிமாறினால் புளியும் காரமும் உள்ளே இறங்கியிருக்கும்.

பழப் பக்க உணவு

இறாலோடும் மீனோடும் தயிர் சேர்ப்பதை விரும்பாத வீடுகள் பல. ஆகவே இதில் தயிர் இல்லை. பழுத்தும் இறுக்கம் குறையாத இரண்டு பங்கனப்பள்ளிப் பழங்களைத் தோல் சீவிச் சிறு சதுரங்களாக நறுக்கவும். பொடியாக அரிந்த சிறிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் ஒன்று, கொத்தமல்லித்தழை, வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை, அரை மூடி எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைச் சேர்த்து மெல்லக் கலக்கவும். உண்பதற்குச் சற்று முன் கலந்தால்தான் பழம் நீர் விடாமலிருக்கும். குழம்பின் காரத்தை இதன் இனிப்பு தணிக்கும். மாம்பழப் பருவம் முடிந்தபின் அன்னாசியிலும் கொய்யாவிலும் இதையே செய்யலாம்.

ஓடுடைய கடலுணவு சிலருக்கு ஒவ்வாமை தரும். குழந்தைகளுக்கு முதன்முறை கொடுக்கும்போது சிறிதளவே கொடுத்துப் பார்ப்பது நலம்.

ஒரு குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் ஏற்றுமதிச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை மாற்றிவிடாது. ஆயினும் ஐதராபாத் போன்ற நகரங்களில் மாதம் ஒருமுறையேனும் இறால் வாங்கும் வீடுகள் பெருகினால், குளக்கரையில் விலை பேசும் விவசாயி வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் முடிவுக்காக மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை. நமக்கும் உணவகத்தில் செலவிடுவதைவிடக் குறைந்த செலவில், நாமே தேர்ந்து வாங்கிய பொருளில் ஆக்கிய குழம்பு கிடைக்கும்.