பள்ளிக்கூடச் சட்டத்தை மாற்ற ஒன்ராறியோவில் யாரிடம் போவது?

பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒன்று சரியில்லை, சட்டமே மாற வேண்டும் என்று நினைக்கிறீர்கள். ஒட்டாவாவுக்கு எழுதலாமா?

எழுதிப் பயனில்லை. கனடாவில் மத்தியக் கல்வி அமைச்சே கிடையாது. 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம், 93ஆம் பிரிவில், கல்வியை மாகாணங்களிடம் கொடுத்துவிட்டது. நீங்கள் போக வேண்டிய இடம் ரொறன்ரோவின் குயின்ஸ் பார்க்கில் உள்ள மாகாணச் சட்டமன்றம். அங்கே 124 உறுப்பினர்கள். ஒருவர் உங்கள் தொகுதிக்காரர்.

முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதற்குச் சட்டம்தான் வேண்டுமா? பாடத்திட்டத்தை அமைச்சரே மாற்றலாம். 2020இல் முதலாம் வகுப்புக் கணிதத்துக்குள்ளேயே கணினி நிரல் எழுதுவது வந்தது; அதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. பள்ளி பஸ், பள்ளி எல்லை போன்றவற்றுக்கு உங்கள் கல்விச் சபையே போதும். சபைகளின் அதிகாரம், ஆசிரியர் தகுதி, பெற்றோர் உரிமை என்று வரும்போதுதான் சட்டமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

சட்டமூலத்தை (சட்டமாகும் முன் உள்ள வரைவை) யார் கொண்டுவரலாம்? அமைச்சர் கொண்டுவந்தால் அரசின் பெரும்பான்மை பின்னால் நிற்கும். அமைச்சரல்லாத உறுப்பினரும் கொண்டுவரலாம், ஆனால் அரசுப் பணத்தைச் செலவிடச் சொல்லும் சட்டமூலத்தை அவரால் கொண்டுவர முடியாது. கூடுதல் ஆசிரியர் வேண்டும் என்ற உங்கள் கோரிக்கை அந்த வழியில் போகாது.

அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவந்த சட்டத்துக்கு நமக்குத் தெரிந்த உதாரணம், தமிழின அழிப்புக் கல்வி வாரச் சட்டம். உறுப்பினர் விஜய் தணிகாசலம் 2019 ஏப்ரலில் அதை முன்வைத்தார். சட்டமானது 2021 மே மாதம். இரண்டு ஆண்டுக் காத்திருப்பு. அது மே 18இல் முடியும் ஏழு நாட்களை அறிவித்து, மக்களை அந்த வரலாற்றை அறியத் தூண்டுகிறது. பள்ளிகள் பாடம் நடத்தியே ஆகவேண்டும் என்று கட்டளையிடவில்லை. வகுப்பில் அது நடக்க வேண்டுமானால் கல்விச் சபையையும் பள்ளி அதிபரையும் தனியே கேட்கத்தான் வேண்டும்.

சட்டமூலம் மூன்று வாசிப்புகளைத் தாண்ட வேண்டும். முதலாவது வெறும் அறிமுகம். இரண்டாவதில் கொள்கை பற்றிய விவாதம். பிறகு பெரும்பாலும் நிலைக்குழுவுக்கு (பல கட்சி உறுப்பினர்கள் உள்ள சிறு குழுவுக்கு) போகும். மூன்றாவது வாசிப்பும் முடிந்து துணைநிலை ஆளுநர் ஒப்புதல் தந்தால் சட்டம்.

நீங்கள் நுழையக்கூடிய வாசல் நிலைக்குழுதான். விசாரணை நாளும் பதிவு செய்யும் கடைசி நேரமும் சட்டமன்ற இணையதளத்தில் வரும். அவகாசம் சில நாட்களே இருக்கலாம், ஆகவே அடிக்கடி பாருங்கள். சட்டத்தரணி வேண்டாம், அமைப்பின் பெயரும் வேண்டாம், தனியாளாகவே போகலாம். பேச இடம் கிடைக்காவிட்டால் எழுத்தில் அனுப்புங்கள். "இந்தச் சட்டம் பிழை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்தப் பிரிவு, அதில் என்ன மாற்றம், உங்கள் பிள்ளைக்கு அதனால் என்ன ஆகும் என்று ஒரு பக்கத்தில் எழுதுவது நல்லது. ஏனென்றால் குழு அடுத்து செய்வது, பிரிவு பிரிவாக எடுத்துத் திருத்துவது.

அரசு அவசரப்பட்டால்? அந்த வாசல் திறக்காமலே போகலாம். 2022 அக்டோபர் 31இல் வந்த 28ஆம் சட்டமூலம், பள்ளி ஊழியர் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்தது; மீறினால் ஆளுக்கு நாளொன்றுக்கு 4,000 டொலர் வரை அபராதம். நவம்பர் 3இலேயே நிறைவேறியது. ஊழியர்கள் அதையும் மீறி வெளியே வர, பல பள்ளிகள் மூடின, பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். நவம்பர் 14இல் சட்டமன்றமே அதை ரத்துச் செய்தது. அந்த வேகத்தில் குழுவுக்காகக் காத்திருந்தால் பஸ் போய்விடும். அன்றே உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும்.

ஒப்புதல் கிடைத்தால் மறுநாளே பள்ளியில் மாறிவிடுமா? எப்போதும் அப்படியில்லை. நடைமுறைக்கு வரும் நாளைச் சட்டத்தின் கடைசிப் பிரிவுகளில் தேடுங்கள். அரசு பின்னர் அறிவிக்கும் நாள் என்றிருந்தால், அந்த அறிவிப்பு வரும்வரை அதிபரிடம் அதைக் காட்டி எதுவும் கேட்க முடியாது.