மூவர் பாட்டில் நாலாவது குரல்

1969 மே மாதக் கடைசியில் அட்லாண்டிக் நிறுவனம் ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. அட்டையில் ஒரு பாழடைந்த வீட்டு வாசல், பழைய சோபா, அதில் மூன்று இளைஞர்கள். தட்டின் பெயர் ‘கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ்’. ஆனால் படத்தில் இடமிருந்து வலமாக உட்கார்ந்திருப்பவர்கள் நாஷ், ஸ்டில்ஸ், கிராஸ்பி. பெயர் வரிசைப்படி உட்கார்ந்து மறுபடி படமெடுக்கலாம் என்று சில நாள் கழித்துப் போனபோது, வீட்டையே இடித்துத் தள்ளியிருந்தார்கள். எடுத்த படமே அட்டைக்குப் போயிற்று.

ஆளை மாற்றிப் புரிந்துகொள்ள வைக்கும் அந்த அட்டை, தட்டுக்குப் பொருத்தமானதுதான். ‘ஹெல்ப்லெஸ்லி ஹோப்பிங்’ என்ற பாட்டைக் கேளுங்கள். மூன்று நிமிடம்கூட ஓடாது. விரல்களால் மீட்டும் கிட்டார், அதன்மேல் மூன்று ஆண் குரல்கள். உச்சத்தில் பெரும்பாலும் கிரஹாம் நாஷ், கீழே ஸ்டீவன் ஸ்டில்ஸ், நடுவில் டேவிட் கிராஸ்பி. இதில் ஒருவர் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போக முயன்றால் பாதி வழியில் நழுவிவிடும். சில இடங்களில் மூவருமே பாடாத இன்னொரு குரல் கேட்பது போலவும் இருக்கும். அதை ரசிகரின் மிகைப்பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த நாலாவது குரலில் ஒரு பகுதி காற்றில் இருக்கிறது. இன்னொரு பகுதி நம் காதுக்குள்ளேயே பிறக்கிறது.

இவர்கள் முதலில் சேர்ந்து பாடியது 1968 கோடையில், லாஸ் ஏஞ்சலீஸின் லாரல் கேன்யன் பகுதியில். அது பாடகி ஜோனி மிட்செல் வீடா, பாடகி காஸ் எலியட் வீடா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. மற்ற விவரங்கள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. கிராஸ்பியும் ஸ்டில்ஸும் ஒரு பாட்டைப் பாடிக் காட்டினார்கள். நாஷ் இன்னொரு முறை பாடச் சொன்னார். முடிந்ததும் மறுபடியும் ஒரு முறை கேட்டார். மூன்றாவது தடவை மேலே தன் குரலைச் சேர்த்தார். மூவரும் ஏற்கெனவே வெவ்வேறு குழுக்களில் பெயரெடுத்தவர்கள்: பேர்ட்ஸ், பஃபலோ ஸ்ப்ரிங்ஃபீல்ட், ஹாலிஸ். ஒருவர் கலிபோர்னியாக்காரர், ஒருவர் டெக்சஸில் பிறந்தவர், ஒருவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் வளர்ந்தவர். எவர்லி சகோதரர்களைப் போல ஒரே வீட்டில், ஒரே உச்சரிப்பில் வளர்ந்த குரல்கள் இழைவது பெரிய ஆச்சரியம் இல்லை. இவர்கள் இழைந்ததுதான் விளக்கம் கேட்கிறது.

ஒருவர் ஒரு சுரத்தைப் பாடும்போது ஒரு அதிர்வெண் மட்டும் வெளிவருவதில்லை. குரல் நாண்கள் நொடிக்கு 200 முறை திறந்து மூடினால் 200 ஹெர்ட்ஸோடு 400, 600, 800, 1000 என்று அதன் மடங்குகளும் ஒரு படையாகக் கிளம்பும். இவைதான் மேற்சுரங்கள். எண்ணும்போது 200ஐயே முதலாவதாக வைத்துக்கொள்வோம். இப்போது மூவர், 200, 250, 300 ஹெர்ட்ஸில் பாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் கணக்கில் ச, அந்தர காந்தாரம், ப. விகிதம் 4:5:6. முதலாமவரின் மூன்றாம் மேற்சுரமும் மூன்றாமவரின் இரண்டாவதும் 600இல் சந்திக்கின்றன. முதலாமவரின் ஐந்தாவதும் இரண்டாமவரின் நான்காவதும் 1000இல். இரண்டாமவரும் மூன்றாமவரும் 1500இல். மூன்று தொண்டைகளில் கிளம்பிய ஒலிகள் இப்படி ஒரே இடத்தில் வந்து பூட்டிக்கொள்ளும்போது, அந்த மேற்சுரங்கள் தனித்து எழும்பிக் கேட்கும். மேலே மிதக்கும் ‘குரல்’ அதுதான்.

கீழேயும் ஒன்று உண்டு. 200, 250, 300 மூன்றுமே 50இன் மடங்குகள். மூன்றும் சேர்ந்த அலை நொடிக்கு 50 முறை தன்னையே திருப்பிச் சொல்கிறது. ஒரு சுரத்தின் மேற்சுரங்கள் மட்டும் வந்தாலும், வராத அடிப்படைச் சுரத்தை மூளை ஊகித்துக் கேட்டுவிடும். அடித்தொனியைச் சரியாகத் தர முடியாத சின்ன ஸ்பீக்கரிலும் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்பது இதனால்தான். அந்த மூவரின் சங்கமத்துக்குக் கீழே, ச-வுக்கு இரண்டு ஸ்தாயி தாழ்வாக, யாரும் பாடாத ஒரு அடித்தளத்தை மூளை போட்டுக்கொள்கிறது.

இதெல்லாம் விகிதம் துல்லியமாக இருந்தால்தான். கிட்டாரில் அது துல்லியமாக இல்லை. எல்லாச் சுருதியிலும் வாசிக்க வசதியாக, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்து ஃப்ரெட்டுகள் என்ற குறுக்குக் கம்பிகளைப் பதித்திருக்கிறார்கள். இந்தச் சமரசத்தில் பஞ்சமத்துக்குக் கிட்டத்தட்டச் சேதமே இல்லை. அடிபடுவது காந்தாரம். 250 இருக்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 252. இரண்டு ஹெர்ட்ஸ்தானே என்று தோன்றும். ஆனால் அதன் நான்காவது மேற்சுரம் 1008க்குப் போய்விடும். ச-வின் ஐந்தாவது 1000இலேயே நிற்கும். பள்ளி இயற்பியலில் விம்மல்கள் என்று படித்தோமே, அதுதான் இப்போது நடக்கும்: நொடிக்கு எட்டு முறை ஒலி பெருகிப் பெருகித் தணியும். சுரங்கள் இசைவதும் உரசுவதும் இந்த விம்மல்களைப் பொறுத்தது என்று ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இலேயே எழுதினார். குரலுக்கு ஃப்ரெட் கிடையாது. பாடுகிறவர் இம்மியளவு இறங்கி விம்மலை அடக்கிவிடலாம்.

இந்தத் தட்டின் முதல் பாட்டான ‘சூட்: ஜூடி ப்ளூ ஐஸ்’ ஏழு நிமிடத்துக்கு மேல் நீள்வது. அதற்கு ஸ்டில்ஸ் கிட்டாரைச் சுருதி சேர்த்த விதம் தமிழ்க் காதுக்குச் சட்டென்று பிடிபடும். ஆறு தந்திகளில் ஐந்து ஒரே சுரம், மிச்சம் ஒன்று அதன் பஞ்சமம். அதாவது வெறும் ச-வும் ப-வும். தம்புராவேதான்! வெறும் தந்திகளில் காந்தாரமே இல்லை. அதை வைக்கும் சுதந்திரம் குரல்களுக்குக் கிடைக்கிறது. தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்து மீட்டினால் யாரும் வைக்காத அந்தர காந்தாரம் தானாக ஒலிப்பதை நம் வித்வான்கள் சுயம்பு காந்தாரம் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அது ச-வின் ஐந்தாவது மேற்சுரம். தம்புரா, வீணைக் குதிரையின் வளைந்த பரப்புதான் மேற்சுரங்களை இப்படிச் செழிக்க வைக்கிறது என்பதை சர் சி.வி. ராமன் 1921இல் ஆராய்ந்து எழுதினார். லாரல் கேன்யனில் மூன்று பேர் தேடிய காந்தாரமும் மயிலாப்பூர்த் தம்புராவின் காந்தாரமும் கணக்கில் ஒன்றேதான்.

விகிதம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. வாயும் ஒத்துப்போக வேண்டும். ‘ஆ’ சொல்லும்போதும் ‘ஈ’ சொல்லும்போதும் தொண்டையும் நாக்கும் வெவ்வேறு வடிவம் எடுக்கின்றன. ஒவ்வொரு வடிவமும் சில அதிர்வெண்களைத் தூக்கி, சிலவற்றை அமுக்கும். மூவரும் உயிரெழுத்தை ஒரே மாதிரி உச்சரித்தால் மூவரின் மேற்சுரங்களும் ஒரே இடத்தில் தூக்கப்படும். இத்தாலியின் சார்டினியாத் தீவில், காஸ்டெல்சார்டோ என்ற ஊரில், புனித வாரத்தில் நான்கு ஆண்கள் நெருங்கி நின்று பாடுகிறார்கள். உயிரெழுத்துகளை நுட்பமாகத் திருத்திக்கொண்டே போய், ஐந்தாவதாக ஒரு பெண் குரலை எழ வைக்கிறார்கள். ‘குயின்டினா’ என்று அதற்குப் பெயர். அந்த ஊரில் அது கன்னி மரியாளின் குரல். நான்கு பேரின் மேற்சுரங்கள் ஒன்றில் கூடித் தனிக் குரலாகிவிடுவதை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். அப்படிக் காட்டியதால் ஊர்க்காரர்களின் நம்பிக்கை குறைந்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் காற்றில் நடப்பது, அல்லது மூளையின் ஊகம். இடையில் காது என்ற உறுப்பு இருக்கிறதே! வயலின் மேதை தார்த்தினி 1714 வாக்கிலேயே, இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுத்தால் மூன்றாவதாக ஒரு சுரம் கேட்கிறது என்று கவனித்தார். அது வருவது வயலினிலிருந்தா, தலைக்குள்ளிருந்தா என்ற கேள்வி நெடுநாள் ஓடியது.

விடையின் ஒரு நுனியை 1948இல் தாமஸ் கோல்ட் பிடித்தார். பிற்பாடு வானியலில் புகழ்பெற்றவர். காதின் நத்தைச் சுருள் வெறுமனே அதிர்வை வாங்கிக்கொள்ளும் கருவியாக இருக்க முடியாது, உள்ளே ஒரு பெருக்கி வேலை செய்ய வேண்டும், அப்படியானால் காது சில சமயம் தானே ஒலி எழுப்பும் என்றார். யாரும் பொருட்படுத்தவில்லை. இறந்தவர்களின் காதுகளில் அதிர்வுகளை அளந்த ஃபோன் பெக்கேஷிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் அளந்ததில் பிழையில்லை. ஆனால் செத்த காதில் பெருக்கி ஓடாது. 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப், உயிருள்ளவர்களின் காதுக்குள் சின்ன மைக்கை வைத்து ஒரு ‘டிக்’ ஒலி கொடுத்தார். சில மில்லி நொடிகள் கழித்துக் காதிலிருந்து பதில் ஒலி வந்தது. கோல்ட் சொன்னது முப்பது வருடம் கழித்துப் பலித்தது.

அந்தப் பெருக்கி, காதுக்குள் மூன்று வரிசையாக நிற்கும் வெளி மயிர்ச் செல்கள். ஒரு காதில் ஏறத்தாழ 12,000. ஒலி வந்தால் இவை நீண்டும் சுருங்கியும் அதிர்வை ஊக்குகின்றன. மெல்லிய ஒலிக்கு அதிகமாக, பலத்த ஒலிக்குக் குறைவாக. இந்தப் பாரபட்சத்துக்கு ஒரு பக்கவிளைவு உண்டு: இரண்டு சுரம் சேர்ந்து நுழைந்தால், இல்லாத சுரங்களையும் இது உண்டாக்கிவிடும். அவற்றில் எடுப்பானது, கீழ்ச் சுரத்தை இரட்டித்து மேல் சுரத்தைக் கழித்தால் வருவது. நம் மூவரில் 250உம் 300உம் பாடுகிற இருவர் மட்டும் பாடட்டும். 500இல் 300 போனால் 200. வராத ஆளின் சுரம்! காந்தாரமும் பஞ்சமமும் நுழைந்தால் ச-வைக் காது போட்டுக்கொடுக்கிறது. மிக மெல்லியதுதான், மற்றக் குரல்களுக்கு அடியில் புதைந்துபோகக் கூடியதுதான். ஆனாலும் அது நிஜ அதிர்வு. மூளையின் கற்பனை அதில் இல்லை.

பச்சைக் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க, பல மருத்துவமனைகளில் ஒரு சின்னக் குமிழைக் காதில் செருகுகிறார்கள். அதில் ஒரு வகைச் சோதனை, ஏறத்தாழ 1.2 விகிதத்தில் இரண்டு சுரங்களை அனுப்பிவிட்டு, காது திருப்பி அனுப்பும் மூன்றாவது சுரத்துக்காகக் காத்திருப்பது. 2000உம் 2400உம் போனால் 1600 வர வேண்டும். மூன்றையும் நானூறால் சுருக்கிப் பாருங்கள்: 4:5:6. பிறந்து ஓரிரு நாளான குழந்தை, தூக்கத்தில், அந்த மூவர் பாட்டின் கீழ்க் குரலைப் பாடிக் காட்டித் தேர்வில் தேறுகிறது.

இதே இசைவை ஸ்டுடியோவில் பெருக்கவும் வழி உண்டு. அதே குரலை அதே பாட்டை மறுபடி பாட வைத்து மேலே அடுக்குவது. ஒரே ஆள் இரண்டு முறை பாடினாலும் சுருதியிலும் நேரத்திலும் மயிரிழை வித்தியாசம் வரும். அந்த வித்தியாசமே குரலுக்குக் கனம். அதே 1969 ஆகஸ்டில் பீட்டில்ஸ் மூவர் ‘பிகாஸ்’ பாட்டில் தங்கள் குரல்களை மும்மூன்றாக அடுக்கி ஒன்பதாக்கினார்கள். 1997இல் வந்த ஆட்டோ-டியூன் மென்பொருளைப் பலர் கையாளும் விதம் இதற்கு நேரெதிர். ஒவ்வொரு குரலையும் சம பங்குச் சுரத்துக்கு இழுத்து நிறுத்தினால், அழகாக 250இல் நின்ற காந்தாரம் 252க்கு ‘திருத்தப்படும்’. சரியாகப் பாடியவரைத் தவறாக்கி, எட்டு விம்மலை உள்ளே விடுகிற வேலை. இன்றைய பல குழுப்பாட்டுகள் பளபளப்பாக இருந்தும் இழையாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் கணக்கு இசைந்தால் மனமும் இசையும் என்று எழுதிவிடக் கூடாது. பொலிவியாவின் அமேசான் காட்டில் வாழும் சிமானே மக்களின் இசையில் பல குரல்கள் வெவ்வேறு சுரத்தில் சேர்ந்து பாடும் வழக்கம் இல்லை. மேற்கத்தியக் காதுக்கு இனிமையான கூட்டுச் சுரங்களையும் கரகரப்பானவற்றையும் அவர்கள் ஏறத்தாழ ஒரே அளவில்தான் ரசித்தார்கள் என்று 2016இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. விம்மல் காட்டும் நெருக்கமான சுரங்களின் உரசல் மட்டும் அவர்களுக்கும் பிடிக்கவில்லை. உரசலை வெறுப்பது காதின் சுபாவமாக இருக்கலாம். இசைவைக் கொண்டாடுவது கேட்டுக் கேட்டு வருவது.

இந்தத் தட்டை ஒருமுறையாவது ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்பேன். குரல்களை இடம் வலமாகப் பிரித்து வைத்த பதிவை இயர்போனில் கேட்டால் ஒரு குரல் ஒரு காதுக்கும் இன்னொன்று மறு காதுக்கும் போய்விடும். ஒரே நத்தைச் சுருளுக்குள் இரண்டும் நுழையாதவரை காது தன் சுரத்தைச் சேர்க்காது. ஸ்பீக்கரில் எல்லாம் அறையிலேயே கலந்து இரண்டு காதுக்கும் வருகிறது.

காதின் சுரத்தைத் தனியாகப் பிடிக்க இசைத்தட்டுகூட வேண்டாம். சுரம் எழுப்பும் இலவசச் செயலியை இரண்டு கைபேசிகளில் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே கைபேசியில் இரண்டையும் வைத்தால் அதன் ஸ்பீக்கரே கலப்படம் செய்துவிடும். ஒன்றில் 2000, மற்றதில் 2400. காதைக் குத்தாத அளவு சத்தம் போதும். இரண்டுக்கும் கீழே மெல்லிய ரீங்காரமாக ஒன்று கேட்டால், 2400ஐக் கொஞ்சம் கொஞ்சமாக 2500க்கு ஏற்றுங்கள். கைபேசியின் சுரம் மேலே போகப் போக, அந்த ரீங்காரம் கீழே, 1600இலிருந்து 1500க்கு இறங்கும்.