கடல் கடந்த குடும்பங்களும் மனு எழுதுவோரும்

1913-ம் வருஷம் மார்ச்சு மாதம் 14-ந் தேதி, தென்னாப்பிரிக்காவில் கேப் மாகாணத்து நீதிமன்றத்தில் ஸர்ல் என்னும் நீதிபதி ஒரு தீர்ப்புக் கூறினார். கணவனுடன் வாழ இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த ஒரு முஸ்லிம் ஸ்திரீயைக் கரையிறங்க விடாமல் தடுத்தது சரியே என்பது அத்தீர்ப்பு. பலதார மணத்திற்கு இடங்கொடுக்கும் மத முறைப்படி நடந்த விவாகம், அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் கண்ணுக்கு விவாகமாகாது என்று அவர் காரணமும் கூறினார். தாலி கட்டியவளும், நிக்காஹ் செய்து கொண்டவளும் ஒரே நாளில் மனைவி என்ற அந்தஸ்தை இழந்து நின்றார்கள்.

அதன் பின் நடந்ததை வாசகர்கள் அறிவார்கள். அதுவரை வீட்டினுள் இருந்த ஸ்திரீகள் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள். கஸ்தூரிபாய் அம்மையார் சிறை சென்றார். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பெண்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று வேலை நிறுத்தத்தை மூட்டினார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, விடுதலையானதும் 1914 பிப்ரவரி 22-ந் தேதி தமது பதினாறாம் வயதில் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் நம்மவரின் விவாகத்தை அங்கீகரித்தது. மூன்று பவுன் தலைவரியும் ஒழிந்தது.

இப்பழங்கதையை இன்று நாம் எடுத்துக் கூறுவானேன்? கணவனும் மனைவியும் ஒரு கூரையின் கீழ் வாழலாமா என்பதை ஒரு காகிதமும் ஓர் உத்தியோகஸ்தரும் தீர்மானிக்கும் நிலைமை இன்னும் மாறவில்லை என்பதே காரணம். அன்று கேட்ட கேள்வி, "இவள் மனைவிதானா?" என்பது. இன்று கேட்கும் கேள்வி, "இவளை அழைப்பவனுடைய வருமானம் எவ்வளவு?" என்பது. கேள்வி மாறியிருக்கிறது, வாயில் மாறவில்லை.

இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம். காமன்வெல்த் பிரஜைகள் அந்நாட்டினுள் தடையின்றிச் செல்லும் வழக்கத்தை 1962-ம் வருஷத்துச் சட்டம் முடித்து வைத்தது. கணவனைத் தேடிச் செல்லும் மனைவியும் மக்களும் முன்கூட்டியே பிரவேச அநுமதி பெற்றே புறப்பட வேண்டும் என்று 1969-ல் விதிக்கப்பட்டது. 1979-ல் லண்டன் விமான நிலையத்தில் விவாகத்தின் பொருட்டுச் சென்ற ஓர் இந்தியப் பெண்ணை, கன்னித்தன்மை சோதனை என்ற பெயரால் அதிகாரிகள் அவமதித்த செய்தி வெளியாகி உலகமே காறித் துப்பிற்று. 1983 முதல் 1997 வரை, இங்கிலாந்தில் குடியேறுவது தன் விவாகத்தின் முதல் நோக்கமன்று என்பதை மனுதாரரே நிரூபிக்க வேண்டும் என்ற விசித்திர விதி ஒன்று அமலில் இருந்தது. இல்லாததை இல்லையென்று எவரால் நிரூபிக்க இயலும்? எத்தனையோ தம்பதிகள் அவ்விதியால் பிரிந்து கிடந்தார்கள்.

2012 ஜூலை 9-ந் தேதி முதல் பண அளவுகோல் வந்தது. மனைவியையோ கணவனையோ அழைப்பவருக்கு வருஷத்திற்கு 18,600 பவுன் வருமானம் இருக்க வேண்டும் என்றார்கள். 2017-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்ட போதிலும், குழந்தைகளின் நலனை விதிகள் போதியபடி கவனிக்கவில்லை என்று கண்டித்தது. 2024 ஏப்ரல் 11-ந் தேதி அத்தொகை 29,000 பவுனாக உயர்ந்தது. 2025-ம் வருஷத்தில் அங்கே மணிக்கு 12 பவுன் 21 பென்ஸ் என்பது வயது வந்த தொழிலாளிக்குச் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி. வாரம் நாற்பது மணி வீதம் வருஷம் முழுதும் உழைத்தாலும் கிடைப்பது ஏறத்தாழ 25,400 பவுன். அதாவது, உழைத்துச் சாப்பிடுவதற்குப் போதும் என்று அந்தச் சர்க்கார் கருதும் கூலி, மனைவியோடு சாப்பிடுவதற்குப் போதாது!

சம்பளம் போதாதவர் சேமிப்பைக் காட்டலாம் என்று விதி இருக்கிறது. சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுன் ஆறு மாத காலம் கையிருப்பில் இருக்க வேண்டும். இவ்வளவு பணம் வைத்திருக்கும் ஏழையை நாம் கண்டதில்லை.

தன் நாட்டின் வாயிலைக் காக்கும் உரிமை எந்தத் தேசத்திற்கும் உண்டு. சுதந்திரத்தை மதிக்கும் நாம் அதை மறுக்கவில்லை. ஆனால் வாயிலில் பூட்டுப் போடுகிறவர்கள், நியாயமான பாத்தியதை உள்ளவனுக்குச் சாவியை எப்படித் திருப்புவது என்று தெரியும்படி செய்ய வேண்டாமா? விதிகளோ சட்ட நிபுணரும் தடுமாறும் அளவு சிக்கலாக இருக்கின்றன. சர்க்கார் செலவில் வக்கீல் உதவி பெறும் வழியையும் 2013 ஏப்ரல் முதல் குடும்பக் குடியேற்ற விவகாரங்களில் பெரும்பாலானவற்றிற்கு அடைத்துவிட்டார்கள். ஆகவே ஏழை மனுதாரன் ஆலோசகனைத் தேடி ஓடுகிறான். அவ்வாலோசகன் யார், என்ன படித்தவன், எவருக்குப் பொறுப்பானவன் என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய விஷயம்.

ஓர் உதாரணம் கூறுவோம். தஞ்சாவூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் இங்கிலாந்தில் நிரந்தரமாய்க் குடியேறி, ஒரே முதலாளியிடம் வருஷச் சம்பளம் 28,000 பவுனுக்கு வேலை பார்த்து வந்தார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதங்களுக்கு முன் அவர் சம்பளம் 30,000 ஆக உயர்ந்தது. தொகை தாண்டிவிட்டதல்லவா என்று மகிழ்ந்து உடனே மனைவிக்கு மனுப் போடுகிறார். மனு தள்ளப்படும். ஏனெனில், கடந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளில் மிகக் குறைந்த அளவையே கணக்கில் கொள்வது விதி. பன்னிரண்டு மாத வருமானத்தைக் காட்டும் மாற்று வழியில் போனாலும் 28,500 பவுன்தான் தேறும். இன்னும் மூன்றே மாதம் பொறுத்திருந்தால் அதே மனிதர், அதே மனைவி, அதே சம்பளம். இந்த நிபந்தனையைச் சிரமமின்றித் தாண்டியிருப்பார். "பொறுங்கள்" என்று சொல்லத் தெரிந்தவனே ஆலோசகன். "உடனே போடலாம், பணத்தைக் கட்டுங்கள்" என்பவன் வியாபாரி.

அந்த ஒரு சொல்லின் விலை என்ன? 2025 ஏப்ரலில் வெளிநாட்டிலிருந்து போடும் இத்தகைய மனுவிற்குக் கட்டணம் 1,938 பவுன். அதற்கு மேல் வைத்திய வரி 3,105 பவுன். ஆக ஒருவருக்கு 5,043 பவுன். மனு தள்ளப்பட்டால் வைத்திய வரி திரும்பி வரும். மனுக் கட்டணம் வராது. நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது என்பதை அந்த இலாகாவின் ரசீது சொல்லாது.

இன்னும் சில கண்ணிகளும் உண்டு. நம் பெண் இங்கிலீஷிலேயே பொறியியல் படித்துப் பட்டம் பெற்றவளாயிருப்பாள். பட்டத்தை மட்டும் இணைத்தால் போதாது. அப்பட்டம் இங்கிலீஷில் கற்பிக்கப்பட்டது என்பதற்கு அந்நாட்டில் அதற்கென உள்ள ஸ்தாபனத்தின் அத்தாட்சி வேண்டும். இன்றேல் தனிப் பரீட்சை எழுத வேண்டும். இந்தியாவிலிருந்து செல்பவர், குறித்த வைத்தியசாலைகளில் மார்பைப் படமெடுத்து க்ஷயரோகம் இல்லையென்ற சான்று பெற வேண்டும். தமிழில் உள்ள பத்திரங்களுக்கு முறையான மொழிபெயர்ப்பு வேண்டும். நம் மாகாணத்தில் 2009-ம் வருஷத்துச் சட்டப்படி விவாகப் பதிவு கட்டாயம். இருந்தும் மண்டபத்து ரசீதையும் புகைப்படத்தையும் நம்பிப் பதிவை ஒத்திப் போடுவோர் பலர். விசாவுக்கு மனுப் போடும் நாளில்தான் அவர்கள் விழித்துக்கொள்கிறார்கள்.

நிற்க. இங்கிலாந்து ஒரு விஷயத்தில் நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது என்பதையும் மறைக்காமல் கூறுவோம். 1999-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, தகுதி பெறாதவர் அந்நாட்டில் குடியேற்ற ஆலோசனையைத் தொழிலாக நடத்துவது குற்றம். இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. வக்கீல்கள் தங்கள் சொந்த ஸ்தாபனங்களுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஏனையோர் இதற்கென ஏற்பட்ட கமிஷனரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த அலுவலகம் 2025 ஜனவரி முதல் குடியேற்ற ஆலோசனை அதிகார ஸ்தாபனம் என்னும் பெயரால் இயங்கி வருகிறது. ஆலோசகர்களை மூன்று படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதற் படியினர் விதிகளுக்கு உட்பட்ட எளிய மனுக்களை எழுதலாம். இரண்டாம் படியினர் சிக்கலான வழக்குகளைக் கவனிக்கலாம். மூன்றாம் படியினரே அப்பீல் மன்றத்தில் நின்று வாதிக்கலாம். பரீட்சையில் தேறவேண்டும், நடத்தை சுத்தமாயிருக்க வேண்டும், தேறிய பின்னும் ஆண்டுதோறும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். கட்டணம் இவ்வளவு, செய்யும் வேலை இன்னது என்று கட்சிக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

தொடர்ந்து கற்க வேண்டும் என்பது வெறும் சடங்கன்று. அகதியாக ஏற்கப்பட்டவர் தம் மனைவி மக்களை வருமான நிபந்தனையின்றி அழைத்துக்கொள்ளும் தனி வழி ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்ற நம் சகோதரர் பலருக்கு அது உயிர்நிலை. அவ்வழியில் புதிய மனுக்கள் ஏற்பதை 2025 செப்டம்பர் 4-ந் தேதி நிறுத்தி வைத்தார்கள். முந்திய வாரம் சரியாயிருந்த ஆலோசனை மறு வாரம் பிழையாயிற்று. சென்ற வருஷத்துப் பாடத்தைக் கொண்டு இந்த வருஷத்து மனுவை எழுதுகிறவன், பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து முகூர்த்தம் வைப்பவனுக்கு ஒப்பாவான்.

ஆயினும் இந்த நல்ல ஏற்பாடு கடற்கரையோடு நின்றுவிடுகிறது. இங்கிலாந்தினுள் தரும் ஆலோசனையையே அச்சட்டம் கட்டுப்படுத்தும். சென்னையிலோ திருச்சியிலோ பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டு விசா வாங்கித் தருவதாக வாக்களிப்பவரை அது தொடாது. நியூஸிலாந்தின் 2007-ம் வருஷத்துச் சட்டமோ, ஆலோசகர் எந்தத் தேசத்தில் உட்கார்ந்திருந்தாலும் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்கிறது. கானடாவில் இதற்கெனத் தனிக் கல்லூரி ஸ்தாபனம் ஒன்று 2021 நவம்பர் முதல் நடக்கிறது. அதில் சேர விரும்புவோர் பட்டத்திற்கு மேற்பட்ட படிப்பை முடிக்க வேண்டும்.

நம் தேசத்தின் நிலைமை என்ன? 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டுகளைப் பதிவு செய்யச் சொல்கிறது. கூலிகளைக் கப்பலேற்றி விற்ற ஆர்க்காட்டிகளின் கொடுமையை மறவாத தேசத்திற்கு அது அவசியமே. ஆனால் குடும்ப விசாவுக்கு மனு எழுதிக் கொடுப்பவன் ஆள் சேர்ப்பவனல்லன். ஆகவே அவன் அச்சட்டத்தின் வலையில் அகப்படுவதில்லை. பஞ்சாப் மாகாணமோ, மக்கள் பட்ட துன்பத்தைக் கண்டு, பிரயாண ஏஜெண்டுகளோடு விசா ஆலோசகர்களையும் லைஸென்ஸுக்கு உட்படுத்தி 2012-ல் ஒரு சட்டம் செய்து, 2014-ல் திருத்தியும் அமைத்தது. பஞ்சாப் செய்ததை நாம் ஏன் செய்யலாகாது?

அதிகாரிகளின் அநீதியைக் கண்டிப்பதில் நாம் பின்வாங்கியதில்லை. ஆனால் நம்மவரே நம்மவரை ஏமாற்றுவதை என்னென்று சொல்வது? ஜோகானிஸ்பர்கில் ஆசியாக்காரருக்கான இலாகாவில் உரிமை உள்ளவன் வெளியே நிற்க, பணங்கொடுத்தவன் உள்ளே நுழைந்த ஊழலைக் காந்தியடிகள் தமது சுயசரிதையில் விவரித்திருக்கிறார். அதை எதிர்க்கும் பொழுது அவர் நாடியது ருசுக்களையே. பொய்ச் சம்பளச் சீட்டுத் தயாரித்துத் தருகிறவன் தற்காலத்திலும் உபகாரியாக வேஷம் போடுகிறான். அகப்பட்டால் அவன் கடையை வேறு தெருவிற்கு மாற்றிக்கொள்வான்; மனுதாரரின் பெயரிலோ வஞ்சகம் என்ற கறை படிந்து, பின்னர் எழுதும் ஒவ்வொரு மனுவையும் தொடரும்.

ஆகையால் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, குடும்ப விசாவுக்கு ஆலோசனை கூறுவோரைப் பதிவு செய்யவும், கட்டணத்தை எழுத்தில் தரச் செய்யவும் தேசம் முழுமைக்கும் ஒரு சட்டம். இரண்டாவது, நமது சட்டக் கலாசாலைகளில் இத்தொழிலுக்கென ஒரு பயிற்சி. அதில் விதிகளைத் தமிழில் விளக்கும் திறமையும் சேர வேண்டும். தன் தலைவிதியைப் பற்றிய காகிதத்தைத் தான் படித்தறிய இயலாத பெண்ணிடம் கையெழுத்து வாங்குவது தர்மமாகாது. மூன்றாவது, ஜனங்களின் ஜாக்கிரதை. ஆலோசகரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடாதீர்கள். அனுப்பிய மனுவின் பிரதி ஒன்று உங்கள் பெட்டியில் இருக்கட்டும். "நிச்சயம் கிடைக்கும்" என்று சொல்பவனை நம்பாதீர்கள். தீர்ப்பு அவன் கையில் இல்லை.

விவாகத்தின் மானத்தைக் காக்க ஒரு தமிழ்ச் சிறுமி உயிரைக் கொடுத்தாள். அவளுக்குப் பின் பிறந்த நாம், ஒரு மனுவைப் பிழையின்றி, பொய்யின்றி எழுதிக் கொடுக்கும் ஆயிரம் பேரைப் பயிற்றுவிக்க இயலாதவர்களா? இயலும். செய்ய வேண்டியது சர்க்காரின் கடமை. செய்யும்படி கேட்க வேண்டியது நமது கடமை.